கதிர்க்குருவியின் தொண்டை

இந்த இரைச்சல் காட்டிலிருக்கும் சில்வண்டுடையதா, என் காதுக்குள்ளேயே இருப்பதா என்று தெரியவில்லை. சிறுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இதே யோசனைதான். உள்ளங்கையால் இரண்டு காதையும் பொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அடங்கினால் காட்டுடையது, அடங்காவிட்டால் என்னுடையது. ஆனால் பொத்த முடியாது, பின்னால் அவர் வருகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னோடு பறவை பார்க்க வராத மனுஷன். திண்டுக்கல்லில் மெடிக்கல் ஷாப் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "போயிட்டு வா ரோசு, நமக்கெல்லாம் கோழியும் காக்காயும் தெரிஞ்சாப் போதும்" என்று சிரிக்கிறவர். இன்றைக்கு விடியும் முன்னால் நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நிற்கிறார். "நானும் வர்றேன். கடை இன்னைக்கு ஒரு நாள் மூடிக் கெடக்கட்டும்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வரட்டும், அவர் பாட்டுக்கு வரட்டும். நான் வந்தது கதிர்க்குருவிக்கு. பங்குனி பாதி போய்விட்டது. ஐப்பசி மழையோடு இமயமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, குளிர்காலம் முழுக்க இந்தக் காப்பித் தோட்டங்களில் இலை இலையாகப் பூச்சி பொறுக்கித் தின்றுவிட்டு, வெயில் ஏறினதும் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் போகிற குருவி. கைக்குள் மூடிவிடலாம், அவ்வளவுதான் உடம்பு. இலையின் பச்சைதான் அதற்கும். இலைகளுக்கு நடுவில் இன்னொரு இலை அசைகிற மாதிரி அசையும். இந்த வருஷம் இதுவரை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. மார்கழியில் வந்தேன், இல்லை. தையில் வந்தேன், மாசியில் வந்தேன், இல்லை. குருவி வராமல் இல்லை, மற்றவர்கள் பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் வந்தால் நிஜமாகவே இருக்காது. ஆகவே இன்றைக்கு. பார்க்காமல் நான் பஸ் ஏறப்போவதில்லை.

வேலியோரம் முள்முருங்கை பூத்திருக்கிறது, இலையே இல்லாமல் சிவப்பாக. காப்பிக்கு நிழலுக்கென்று நட்டு வளர்த்த சவ்வுமரம், காப்பிச் செடி, மிளகுக்கொடி, வாழை. எல்லாம் முன்னால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. என் முதல் வேலை இந்த மலையில்தான். கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை, ஜன்னலை ஒட்டி ஒரு பலாமரம். சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு பேச ஆள் கிடையாது. அந்த மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வரும், சிலிப், சிலிப் என்று, நனைந்த கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்த மாதிரி. யார் அது? ஆளைக் காணோம். எனக்குப் பிடிவாதம் சின்ன வயசிலிருந்தே உண்டு, விடை வராத கணக்கை விட்டுவிட்டுத் தூங்கமாட்டேன். அந்தப் பருவம் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரல் வரும், ஆள் வராது. கடைசியில் ஒரு நாள் வந்தது. கண்ணுக்கு மேலே வெளுத்த புருவக்கோடு ஒன்று, இறக்கையில் சுண்ணாம்புக் குச்சியால் இழுத்த மாதிரி மெல்லிசாக ஒன்று, அவ்வளவுதான் அடையாளம். இந்தத் துளியூண்டு உடம்பா என்னை மாதக்கணக்கில் ஆட்டி வைத்தது என்று அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு அதைத் தேடி நான் கண்ணை அலையவிட்டதே கிடையாது. காது காட்டும், கண் போகும், அங்கே இருக்கும். வலது பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே. பார்த்துக்கொள், போதும், அடுத்த மரம். மதுரையில் அந்தக் காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்கள் என்றாரே, நான் அமுக்கினேன், அமுக்கினேன், பிறகு வெகுநேரம் அமுக்கவே இல்லை. சோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சிரித்தேன். வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் இன்னும் சத்தத்துக்கான குமிழைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் கோட்டைக் காட்டினார்கள். இடது பக்கம் சமமாகப் போய், வலது பக்கத்தில் மலை ஓரத்துக்கு வந்துவிட்ட மாதிரி சடாரென்று கீழே விழுகிற கோடு. எத்தனை பிள்ளைகளுக்கு நான் கோடு படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மெல்லிசா, உச்சத்துல வர்ற சத்தமெல்லாம் போயிருச்சும்மா. இன்னும் கொஞ்சம் போகும்" என்றார். நான் முதலில் கேட்டது, இலைக்குள்ளிருந்து ஒரு குருவி கத்தினால் கேட்குமா என்பதைத்தான். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் யார் இருக்காங்க என்று கேட்டார்.

வீட்டில் அவர் இருக்கிறார், சொல்லவில்லை. பேப்பர் திருத்தும் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் மதுரை போனேன். சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் பயம். ஐயோ பாவம் என்று ஒரு முகம் வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்துவிடும், பெரிய டீச்சர் கூப்பிட்டு ஆறாம் வகுப்புக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று இனிப்பாகக் கேட்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் குரல்தான் எல்லாவற்றையும்விட மெல்லிசு என்று அவளுக்கு எப்படித் தெரியும். அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து அபிராமி எழுந்து நின்று ஏதோ கேட்டாள். பலகையில் இருந்த கணக்கைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமா, அதேதான், சரியாச் சொன்ன, உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்காரவில்லை. கூனிக்குறுகி நின்றாள். பாத்ரூம் போகலாமா என்று கேட்டிருக்கிறாள், பாவம். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் இருந்திருக்கலாம். சொற்கள் வருகின்றன, ஓரம் உடைந்து வருகின்றன. சாப்பாடு ஆப்பாடு ஆகிவிட்டது, செபம் எபமாகிவிட்டது. தவக்காலத்துப் பூசையில் சாமியார் பேசுவதைத் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு, பக்கத்துப் பெண் முழங்கால் போட்டால் நானும் போடுகிறேன். இவர்? இவர் பேசுவது மட்டும் இந்தக் கொஞ்ச நாளாகத் தெளிவாக விழுகிறது. ஏன்? கடையில் வயசானவர்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது பேசுவாரே, முகத்தை நேராக வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "காலைல, சாப்டதும்" என்று, அந்தப் பேச்சு. அதை எப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தார்? நான் கவனிக்கவே இல்லையே. நேற்று இட்லி கேட்டதுகூட அப்படித்தானே. தெரியுமோ? தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பார். நான் சொன்னேனா, அவர் சொல்ல.

நிற்கிறேன். முள்முருங்கைக்கு அப்பால் ஒரு பெரிய பலா. இங்கேதான் இருக்கும், இருக்கவேண்டும். பைனாகுலரைத் தூக்கினால் இலை, இலை, இலை, ஒவ்வொன்றும் குருவி மாதிரி, ஒன்றும் குருவி இல்லை. முன்னெல்லாம் காடு எனக்குத் திசைகளோடு இருந்தது. இப்போது சுவரில் மாட்டின படம் மாதிரி இருக்கிறது, எங்கே பார்ப்பது என்று எதுவும் கூப்பிடமாட்டேன் என்கிறது. "அது என்ன குருவி ரோசு, விடாமக் கத்துது?" என்று அவர் பக்கத்தில் வந்து கேட்கிறார். என்னது, எங்கே, எது கத்துகிறது? அவர் முகத்தைப் பார்க்கிறேன், அண்ணாந்து பொதுவாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "தேன்சிட்டு" என்கிறேன். தேன்சிட்டு எங்கேயும் இருக்கும், தப்பாக இருக்காது. இந்தக் குருவிகளின் விஷயத்தில் நான் இதுவரை யாரிடமும் ஊகத்தில் பதில் சொன்னதில்லை. தேன்சிட்டு என்று என் வாய் சொன்ன அந்த நேரத்தில் கதிர்க்குருவியே தலைக்கு மேல் உட்கார்ந்து கத்தியிருக்கலாம். அவர் "ஓகோ" என்று தலையாட்டுகிறார். நம்பினாரா? நம்பின மாதிரி ஆட்டுகிறாரா? இப்படியே எத்தனை நாள், கேட்ட மாதிரி நானும் நம்பின மாதிரி அவரும். அவரை விட்டு விலகி ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறேன், வேகமாக. பலாவை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும், வெளிச்சம் பின்னாலிருந்து விழும், புருவக்கோடு தெரியும். காப்பிச் செடிகள் இரண்டு பக்கமும் நெருக்குகின்றன. கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று சருகு. பைனாகுலருக்குள் ஒரு இலை அசைகிறது. காற்றில்லை, ஒரு இலை மட்டும் அசைகிறது. மூச்சை அடக்குகிறேன். திரும்பு, இந்தப் பக்கம் திரும்பு, புருவத்தைக் காட்டு. அப்போதுதான் என் முழங்கையை யாரோ பிய்த்து எடுக்கிற மாதிரி இழுத்தார்கள். செடிக்குள் விழுந்தேன், கிளை கன்னத்தில் கீறியது. வெதுவெதுப்பான பெரிய உடம்பு ஒன்று, வேர்வை நாற்றத்தோடு, என் தோளை உரசிக்கொண்டு போனது. குதிரை. இரண்டு பக்கமும் வாழைத்தார்ச் சுமை. தலையை ஆட்டி ஆட்டிப் போகிறது, கழுத்தில் சின்னச் சின்னதாகப் பித்தளை மணிகள், ஒரு கொத்து, குலுங்குகின்றன. குலுங்குவதைப் பார்க்கிறேன்.

என்னை இழுத்தது அவர்தான். மூச்சு வாங்க நிற்கிறார், முழங்கையை இன்னும் விடவில்லை. குதிரைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கும் பயம், பயத்தில் கோபம். "ஏம்மா, அந்தக் கடைசியில இருந்து கத்திக்கிட்டே வர்றேன். மணி வேற அடிக்குது. இது சரக்கோட எறங்குனா நிக்காதும்மா. காது கேக்காதா?" எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற திட்டுதான். பஸ்ஸில் திட்டுவார்கள், சந்தையில் திட்டுவார்கள், நானே வகுப்பில் எத்தனை தடவை. அதற்குப் பதில் என்று ஒன்று கிடையாது, தலையைக் குனிந்துகொண்டு நகரவேண்டும். நான் அந்த மனுஷர் முகத்தைப் பார்த்து, "கேக்காதுங்க" என்றேன். என் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. "மணிச் சத்தம் கேக்காது. மெல்லிசாக் கேக்குற எதுவும் கேக்காது. காது போயிருச்சு." குதிரைக்காரர் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "அய்யோ, நான் வாய்தவறி..." என்று இவரைப் பார்த்தார். "நீங்க போங்க, குதிரை போயிரும்" என்று நானே சொன்னேன். போனார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை மாதமாக வாய்க்குள் வைத்துக் காத்ததை, பேர் தெரியாத ஒருத்தரிடம் போட்டு உடைத்துவிட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தில் வைத்து அழுத்தினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறார்? பாவம் என்று சொன்னால் இங்கேயே எரிந்து விழுவேன்.

"பிரிட்ஜ் கதவு" என்றார். என்ன? "பிரிட்ஜ் கதவைச் சரியா மூடலைன்னா கீ கீன்னு கத்துமே. கார்த்திகை மாசம் ஒரு நாள் நான் கடையில இருந்து வர்றேன், வாசல்லயே கேக்குது. நீ அது பக்கத்துல உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டிருக்க." கார்த்திகை. அப்படியானால் மதுரைக்கு முன்னாலேயே. எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரியும். "அன்னைக்கே ஏன் கேக்கல நீங்க?" "கேட்டா இல்லைன்னு சொல்லுவ. அப்புறம் அந்த இல்லையைக் காப்பாத்தணும் நீ." சட்டென்று கோபம் வந்தது, இவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்தது. இத்தனை நாள் இவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து என் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டு, என் காதுக்கு ஒன்றுமில்லை என்று இவரிடமே நடித்திருக்கிறேன். அழலாம். அழுதால் பைனாகுலர் கண்ணாடியில் ஆவி படியும், அது தெளிய நேரமாகும். அழவில்லை. "திங்கக்கிழமை காது மெஷினுக்கு அளவு குடுக்கப் போறேன் மதுரைக்கு. பேச்சு திரும்பக் கேக்கும்னு டாக்டர் சொன்னாரு. குருவிக்கு அவரு உத்தரவாதம் தரல. நீங்களும் வாங்க." "வர்றேன்" என்றார். "பள்ளிக்கூடத்துல நானே சொல்லிருவேன். ஆறாம் வகுப்பு வேணாம்னும் சொல்லுவேன். பிள்ளைகள முன்னாடி வந்து பேசச் சொன்னா காதுக்கு வரும்." "வரும்." "அவ்வளவுதான்." "சரி, இப்ப எறங்கிரலாமா? ரத்தம் வருது ரோசு." நான் அவரைப் பார்த்தேன். இறங்குவதா? நான் இன்னும் பார்க்கவே இல்லையே.

"உங்க காது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இவருக்கு எல்லாம் கீச்தான், காடு முழுக்க ஒரே கீச். அதிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எனக்கே கேட்காத ஒன்றை. எப்படிச் சொல்வது? நினைவிலிருந்து எடுத்தேன், அது அங்கே கெடாமல் இருந்தது, அந்த ஜன்னலோரத்தில் கேட்ட அதே ஈரத்தோடு. "பாட்டு மாதிரி இழுக்காது. ஒரே துண்டு. சிலிப். கொஞ்சம் பொறுத்து, திரும்ப சிலிப். ரெண்டாவது பாதி மேல ஏறும். கேட்டா பேசாதீங்க, கையைக் காட்டாதீங்க, மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிறேன்." மெடிக்கல் ஷாப் அருளானந்து சிறுமலைக் காட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வயிறு முன்னால், கை இரண்டும் பின்னால், பூசையில் நிற்கிற மாதிரி. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். முகம் இடது பக்கம் திரும்பியது. அந்தத் திசையில் பைனாகுலரைத் தூக்கினேன். தையல்சிட்டு. "இல்ல, அது விடாம அடிக்கும், வேற." மறுபடி திரும்பியது. கொண்டைக்குருவி. "அது தொண்டையத் தெறந்து பேசும், வேற." வெயில் முதுகில் ஏறுகிறது. கன்னம் எரிகிறது. என் இரைச்சல், அதாவது என்னுடைய சில்வண்டு, அது பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்கிறது, இருந்துவிட்டுப் போ. அவர் அலுக்கவில்லை. நான் இவரை எதற்கும் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. காது மடலில் நரை முடி, மூக்கில் கண்ணாடி அழுத்தின தழும்பு, கேட்கும்போது உதடு கொஞ்சம் திறந்துகொள்கிறது. எனக்கு இது தெரியாது, இத்தனை வருஷம் நான்தான் கேட்கிறவள் என்று இருந்தேன். திடீரென்று அந்த முகம் இறுகியது. மெல்ல, மிக மெல்ல, வலது பக்கம் திரும்பியது, பிறகு மேலே. சவ்வுமரம். உச்சிக்குக் கீழே, ஒரு கொப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடம்.

இலை. இலை. இலை. இலை இல்லை. ஆடாதே கையே. புருவக்கோடு, இருக்கிறது. இறக்கையில் சுண்ணாம்புக் கோடு, தேய்ந்து போயிருக்கிறது, குளிர்காலம் முழுக்க இலையில் உரசி உரசித் தேய்ந்த கோடு, ஆனால் இருக்கிறது. வந்துவிட்டாயா. போகாமல் இருந்தாயா. அது ஒரு புழுவைக் கொத்தி விழுங்கியது, அலகைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது, பிறகு நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தது. பங்குனியில் சில சமயம் செய்யும், ஊருக்குப் புறப்படும் முன்னால் பாடிப் பார்க்கும். நான் சில தடவை கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை, கேட்டதும் போதும் என்று அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருக்கிறேன். அதன் தொண்டை நடுங்குகிறது. வெளுத்த சின்னப் பஞ்சு மாதிரி இருந்த கழுத்து உப்பி, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்று அதிர்கிறது. வாய்க்குள் ஆரஞ்சு நிறம், இவ்வளவு ஆரஞ்சா? வால் கூடச் சேர்ந்து துடிக்கிறது. அந்த உடம்பில் பாடாத இடமே இல்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் பைனாகுலரை இறக்கவில்லை. இறக்கமாட்டேன், தோள் கழன்று விழட்டும். அது மூடியது, திறந்தது, மூடியது, திறந்தது, எத்தனை தடவை பாடியதோ அத்தனை தடவையும் பார்த்தேன். கடைசியில் ஒரு இலையைச் சுற்றி அந்தப் பக்கம் போயிற்று. இலை அசைந்தது. பிறகு இலை மட்டும்.

"போயிருச்சா?" என்று அவர் உதடு கேட்டது. குசுகுசுவென்று பேசினால் எனக்கு உதடுதான். தலையை ஆட்டினேன். பிறகு, "என்ன பாடுச்சு?" என்று கேட்டேன். "என்னமோ பாடுச்சு." "என்னமோன்னா? செஞ்சு காட்டுங்க." "நானா? போ ரோசு." "செஞ்சு காட்டுங்கன்னா." அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சித்சிவீ, சித்சித்... சிவீ" என்றார். கட்டைக் குரல், பீப்பாய்க்குள் இருந்து வருகிற மாதிரி. எந்தக் கதிர்க்குருவியும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது, ஓரம் உடையாமல். "கடைசியில ஏறுச்சா, எறங்குச்சா?" யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். "ஏறுச்சு. ஏறி, அப்புடியே வெட்டின மாதிரி நின்னுச்சு." "அப்ப அதையும் சேத்துச் செய்யுங்க." பாதை வளைவில் தலைச்சுமையாக விறகோடு ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் ரத்தத்தோடு நிற்கிற என்னையும், இஸ்திரி போட்ட சட்டையில் வாயைக் குவித்துக்கொண்டு நிற்கிற இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் எங்களைத் தாண்டுகிறாள், இன்னும் தாண்டி முடிக்கவில்லை. அவர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, என்னைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்தார்.